மரம் தூங்கும்போதே நட்டுடுங்க

மரம் நடுறதும் பராமரிக்கிறதும்தான் என் தொழில், எனக்கு வர்ற போன்ல பாதிக்கு மேல வெயில் ஏற ஆரம்பிச்ச பிறகுதான் வருது. நர்சரில செடியெல்லாம் பூவோட நிக்குது, வாங்கிட்டோம், வந்து நட்டுக் குடுங்கன்னு கேப்பாங்க. போய் நட்டும் குடுப்பேன், ஆனா இவங்க மூணு மாசம் முன்னாடியே கூப்பிட்டிருக்கலாமேன்னு மனசு கிடந்து அடிச்சுக்கும். பூவும் இலையுமா நிக்கிற செடிக்குத் தண்ணி நிறைய வேணும், அதை இழுக்க அதுகிட்ட இருக்கிறது தொட்டி அளவு வேர் மட்டும்தான், அதோட தலைக்கு மேல வெயில் வேற ஏறிக்கிட்டே போகுது. அந்த முதல் கோடையில போற செடிங்கதான் அதிகம்.

மரம் இலை உதிர்த்துத் தூங்குற குளிர்காலத்துலயே நட்டுடுங்கங்கிறதுதான் நான் சொல்ல வர்றது. ஆனா இது மண்ணே உறைஞ்சு கல்லாப் போற ஊருக்கு இல்ல. குளிர்காலம் மிதமா இருக்கிற, எப்பவாவது லேசா உறைபனி விழுற இடங்களுக்கு. மத்தியதரைக்கடல் ஓரம், கலிஃபோர்னியா கரையோரம், ஆஸ்திரேலியாவோட தென்மேற்கு, சிலி நாட்டோட நடுப்பகுதி இங்கல்லாம் மழையே குளிர்காலத்துலதான் பெய்யும், கோடை காய்ஞ்சு கிடக்கும், அதனால அங்க இந்தப் பேச்சு ரெண்டு மடங்கு பொருந்தும்.

விஷயம் என்னன்னா, காத்து சீக்கிரம் குளிர்ந்துடும், மண்ணு மெதுவாத்தான் குளிரும். மேல மொட்டைக் குச்சியா நிக்கிற மரத்துக்குக் கீழ, மண்ணு ஒரு 5 - 7 டிகிரி செல்சியஸுக்கு மேல இருந்தாலே நிறைய மரங்களோட வேர் மெதுவா வளர்ந்துக்கிட்டுதான் இருக்கும், மரத்துக்கு மரம் இது கொஞ்சம் மாறும். இலை இல்லாததால தண்ணிச் செலவு ரொம்பக் குறைவு. சேமிச்சு வெச்ச சத்தை வெச்சு அது நிதானமா வேர் விட்டுக்கும், வசந்தத்துல துளிர் வரும்போது அதுக்குத் தண்ணி குடுக்க கீழ ஆள் தயாரா இருக்கும்.

இன்னொரு லாபம், மண்ணே இல்லாம வேர் மட்டுமா வர்ற கன்னுங்க இந்த சீசன்லதான் கிடைக்கும். ஆப்பிள், பீச், பிளம், பேரி, அத்தி, திராட்சை, ரோஜா எல்லாம் அப்படி வரும். பாக்க விறகுக் குச்சி மாதிரி இருக்கும், செத்துப் போனதைக் குடுத்துட்டாங்கன்னு நிறைய பேர் நினைச்சுக்கிறாங்க. ஆனா எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும், ஏன்னா வேர் முழுசும் கண்ணு முன்னாடி இருக்கு, எது நல்லது எது உடைஞ்சதுன்னு பாத்து நடலாம். ஒண்ணே ஒண்ணு, அந்த வேர் காயவே கூடாது. காத்துலயும் வெயில்லயும் கொஞ்ச நேரம் கிடந்தாலே மெல்லிசு வேரெல்லாம் போயிடும். வாங்கிட்டு வந்ததும் ஒரு வாளித் தண்ணில சில மணி நேரம் ஊற வைங்க, ஒரு நாளைக்கு மேல வேணாம். அன்னைக்கே நட முடியலன்னா நிழல்ல ஒரு சின்னப் பள்ளம் பறிச்சு கன்னைச் சாய்ச்சுப் படுக்க வெச்சு வேரை ஈர மண்ணால மூடி வைங்க. ஆப்பிள், பீச் வாங்குறவங்க வெரைட்டியையும் கேட்டு வாங்கணும், இதுங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழ இத்தனை மணி நேரம்னு ஒரு குளிர்க் கணக்கு இருக்கு, அது கிடைக்கலன்னா பூ ஒழுங்கா வராது. அன்னா மாதிரியான ஆப்பிள் வெரைட்டிக்கு 200 - 300 மணி நேரமே போதும், மிதமான ஊர்ல அதைத்தான் தேடணும்.

சரி, சீசன் சரியா இருந்தா மட்டும் போதுமான்னா போதாது. ஒரு வீட்டுல 8 வருஷ மரம், சரியா குளிர்காலத்துல நட்டதுதான், வருஷா வருஷம் உச்சி காய்ஞ்சுக்கிட்டே வருதுன்னு கூப்பிட்டாங்க. போய்ப் பாத்தா தண்டு மின்கம்பம் நட்ட மாதிரி நேரா மண்ணுக்குள்ள போகுது. நல்லா இருக்கிற மரம்னா அடித்தூர் அகண்டு விரிஞ்சு, அங்க இருந்து வேர் கிளம்புறது கண்ணுக்குத் தெரியணும். கையாலயே தோண்டினேன், ஒரு சாண் ஆழத்துல போய்த்தான் அந்த இடம் வந்துச்சு, அதுக்குள்ள தொட்டிலயே வட்டமா சுத்தின ஒரு வேர் தண்டைக் கயிறு போட்டு இறுக்கின மாதிரி நெரிச்சுக்கிட்டு இருந்துச்சு. நட்ட அன்னைக்கு ஒரு கத்தியும் அஞ்சு நிமிஷமும் இருந்திருந்தா அந்த மரம் பொழைச்சிருக்கும், அது இன்னும் எனக்கு ஆறல.

அதனால குழி ஆழமா வேணாம், அகலமா வேணும். வேரைச் சுத்தி இருக்கிற மண்கட்டி எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் ஆழம், அகலம் அதைப் போல 2 - 3 மடங்கு. தொட்டிச் செடின்னா மேல இருக்கிற மண்ணை விரலால தள்ளி அடித்தூர் எங்கன்னு முதல்ல கண்டுபிடிங்க, பல நேரம் தொட்டிலயே அது புதைஞ்சு கிடக்கும். அந்த இடம் தரை மட்டத்துக்கு வரணும், கொஞ்சம் மேல நின்னாலும் தப்பில்ல. ஒட்டுச் செடின்னா ஒட்டு போட்ட இடம் மண்ணுக்கு மேலதான் இருக்கணும். வட்டமா சுத்தின வேரைப் பாத்துப் பாவப்படாம வெட்டி விடுங்க, குளிர்காலத்துல அந்தக் காயத்தை செடி நல்லாவே தாங்கும்.

குழிக்குள்ள எருவும் கம்போஸ்ட்டும் கொட்டி மெத்தை மாதிரி பண்றதை நானும் ஆரம்பத்துல செஞ்சிருக்கேன், இப்போ செய்யறதில்ல. களிமண்ல அப்படிப் பண்ணா குழி ஒரு தொட்டி மாதிரி ஆகித் தண்ணி தேங்குது, எரு மக்க மக்க மரம் கீழ இறங்குது. தோண்டின மண்ணையே திருப்பிப் போடுங்க, கம்போஸ்ட்டை மேல மூடாக்கோட, அதாவது காய்ஞ்ச இலை, வைக்கோல் மாதிரி மண்ணை மூடப் போடுறதோட, சேத்துப் பரப்புங்க. மூடாக்கு ஒரு 5 - 10 சென்டிமீட்டர் கனம் போதும், தண்டை ஒட்டிக் குவிக்காம ஒரு கை அளவு இடம் விடுங்க. மழை பெஞ்ச மறுநாளே குழி தோண்டாதீங்க, ஒரு பிடி மண்ணை அமுக்கிப் பாத்தா உதிரணும், மாவு மாதிரி ஒட்டுச்சுன்னா ரெண்டு நாள் பொறுங்க. நடுறதுக்கு முன்னாடி குழில தண்ணி ஊத்திப் பாருங்க, மறுநாளும் நின்னா அந்த இடத்துல மேடு கட்டித்தான் நடணும்.

நட்டதும் மழை வர்ற மாதிரி இருந்தாலும் ஒரு தடவை நல்லா தண்ணி விடுங்க, மண்ணு வேரைச் சுத்திப் படியணும். அப்புறம் கிழமை பாத்து ஊத்தாதீங்க, விரலை விட்டுப் பாத்து ஊத்துங்க. அதுவும் பக்கத்து மண்ணை மட்டும் தொட்டுப் பாத்தா ஏமாந்துடுவீங்க, நர்சரி மண்கட்டி சுத்தியிருக்கிற மண்ணை விட சீக்கிரம் காயும், அங்கயே தொட்டுப் பாருங்க. எப்பவும் பச்சையா இருக்கிற மரங்க குளிர்காலத்துலயும் இலை வழியா தண்ணிய விட்டுக்கிட்டே இருக்கும், காய்ஞ்ச காத்தடிச்சா அதுங்க மேல ஒரு கண்ணு வைங்க.

உரம் வேணாம், கிளையை வெட்டி விடுற கவாத்தும் வேணாம், உடைஞ்ச கிளையை மட்டும் எடுங்க. உரம் போட்டுக் கெளப்பி விட்ட இளங்கொழுந்தைத்தான் பனி முதல்ல கருக்கும். காத்துல சாயாத மரத்துக்குக் கம்பு கட்ட வேணாம், கொஞ்சம் ஆடினாத்தான் தண்டு தடிக்கும், கட்டினாலும் ஒரு வருஷத்துக்குள்ள அவுத்துடுங்க.

எலுமிச்சை, ஆரஞ்சு, செம்பருத்தி, காகிதப்பூ, மா, அவகாடோ இதெல்லாம் பனி தாங்காத சாதி, உறைபனி விழுற ஊர்னா இதுங்களை மட்டும் வசந்தம் வரைக்கும் நிறுத்தி வைங்க. ஏற்கனவே நட்டாச்சுன்னா பனி வரும்னு தெரியுற அன்னைக்குப் பகல்லயே தண்ணி விடுங்க, ஈர மண்ணு வெப்பத்தை நல்லாப் பிடிச்சு வெச்சுக்கும். ராத்திரி துணியைத் தரை தொடுற மாதிரி போத்திக் காலைல எடுத்துடுங்க. கருகின கிளையை உடனே வெட்டாதீங்க, வசந்தத்துல எது வரைக்கும் உயிர் இருக்குன்னு பாத்துட்டு வெட்டலாம்.

கடைசியா, நட்டு ரெண்டு மாசம் ஆச்சு ஒரு இலை கூட வரல, பிடுங்கிடவான்னு கேட்டு வர்ற போன். தயவு செஞ்சு பிடுங்காதீங்க, ஆட்டிக்கூடப் பாக்காதீங்க, அப்போதான் விட்ட புது வேர் அறுந்துடும். ஒரு சின்னக் கிளையில நகத்தால லேசா சுரண்டிப் பாருங்க, உள்ள பச்சையா ஈரமா இருந்தா உயிரோடதான் இருக்கு. ஒரு கிளை காய்ஞ்சிருந்தா இன்னும் கீழ தண்டு பக்கமா சுரண்டிப் பாருங்க, பச்சை தெரிஞ்சா விட்டுடுங்க, மறுபடி பாக்க ஒரு மாசம் போகட்டும்.