குளிர்நாட்டுக் கோடையும் வலிக்காத கடியும்

ஒவ்வோர் ஆண்டும் சித்திரை, வைகாசி மாதங்களில், கனடாவுக்குப் புறப்படும் பெற்றோர் பலர் தண்டையார்பேட்டையில் உள்ள என் கிளினிக்குக்கு வருகிறார்கள். இராயபுரத்திலிருந்தும் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்தும் வரும் இவர்கள், மகளின் பிரசவத்துக்காகவோ பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவோ ஆறு மாதம் அங்கே தங்கப் போகிறவர்கள். படைக்கும் அரிப்புக்கும் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு நான் பூச்சிகளைப் பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாலோர் வியப்படைகிறார்கள். பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் கொடுங்கையூரிலும் கொசுவோடு வாழ்ந்து பழகிய நம்மை, பனி கொட்டும் ஊரில் என்ன கடித்துவிடப் போகிறது என்பது அவர்கள் எண்ணம். ஒரு சரும மருத்துவராக நான் இதை எழுதுவதற்கு அந்த எண்ணமே காரணம்.

குளிர்காலத்தோடு அங்கே பூச்சிகள் அழிந்துபோவதில்லை. பல இனங்கள் முட்டையாகவோ புழுவாகவோ உறங்குநிலையில் கிடக்கின்றன. சில இனங்கள் உடலுக்குள் கிளிசரால் போன்ற பொருள்களைச் சேர்த்துக்கொண்டு உடல்நீர் உறையாமல் காத்துக்கொள்கின்றன. வெளிக்காற்று மைனஸ் 20 டிகிரிக்கு இறங்கியிருக்கும் நாளில்கூட, தடித்த பனிப்படலத்துக்கு அடியில், உதிர்ந்த சருகுகளுக்கிடையே, வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டியே நிற்கும். நம் ஊரில் பன்னிரண்டு மாதமும் பரவியிருக்கும் பூச்சிகளின் நடமாட்டம், அங்கே ஏறத்தாழ ஏப்ரலில் தொடங்கி அக்டோபருக்குள் அடங்கிவிடுகிறது. நம் பெற்றோர் அங்கே போய்த் தங்குவதும் அதே மாதங்களில்தான்.

மே, ஜூன் மாதங்களில் ஓடும் நீருள்ள இடங்களை ஒட்டி பிளாக் ஃபிளை என்ற சிறிய கறுப்பு ஈ பெருகுகிறது. அது கொசுவைப்போல் ஊசி குத்துவதில்லை. தோலைக் கிழித்து, கசியும் இரத்தத்தைக் குடிக்கிறது. ஆகவே முடி தொடங்கும் இடத்திலும் காதுக்குப் பின்னாலும் இரத்தப் பொட்டுகளும் வீக்கமும் தோன்றும், கழுத்தில் நெறி கட்டுவதும் உண்டு. கோடை முழுவதும் கொசு இருக்கிறது. வட அமெரிக்காவில் முதன்முதலாக 1999இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட வெஸ்ட் நைல் வைரஸ் சில ஆண்டுகளுக்குள் கனடாவிலும் பரவிவிட்டதால், அங்குள்ள கொசுக்கடியையும் முற்றிலும் புறக்கணிக்க முடியாது. ஆகஸ்ட், செப்டம்பரில் குளவிகள் இனிப்புப் பானங்களைத் தேடி மனிதர்களை நெருங்குகின்றன. குளவி கொட்டிய பிறகு உடல் முழுவதும் தடித்து, மூச்சு வாங்கி, தலை சுற்றினால், வீட்டு வைத்தியம் எதையும் செய்துகொண்டிருக்காமல் உடனே 911ஐ அழைக்க வேண்டும்.

இலையுதிர்காலத்தில் என்னை வாட்ஸ்ஆப்பில் அழைத்து மிகுதியாகக் கேட்கப்படுவது சிலந்தியைப் பற்றித்தான். அடித்தளத்து அறையிலும் குளியல் தொட்டியிலும் உள்ளங்கை அளவுக்குச் சிலந்தி நிற்பதாகச் சொல்லிப் படம் அனுப்புகிறார்கள். ஆகஸ்ட் இறுதியிலிருந்து வீட்டுச் சிலந்திகளில் ஆண்கள் பெண் சிலந்தியைத் தேடி அலையத் தொடங்குவதால்தான் அவை அப்போது கண்ணில் படுகின்றன. குளிருக்கு ஒதுங்க வெளியிலிருந்து வந்தவை என்று பலர் நினைத்தாலும், பெரும்பாலானவை ஆண்டு முழுவதும் அதே வீட்டில் இருப்பவைதான். அவற்றால் மனிதருக்குக் கெடுதல் எதுவும் இல்லை. தெற்கு ஒன்டாரியோவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தென்பகுதியிலும் கறுப்பு விதவைச் சிலந்தி இருப்பது உண்மை, ஆனால் அது கடிப்பது அரிது. பிரவுன் ரெக்லூஸ் என்ற சிலந்தியைப் பற்றி இணையத்தில் சுற்றும் அச்சமூட்டும் படங்கள் கனடாவுக்குப் பொருந்தாது; அந்த இனம் அங்கே நிலைகொண்டதில்லை. சிலந்திக்கடி என்று சொல்லிக் காட்டப்படும் புண்களில் பெரும்பாலானவை பாக்டீரியத் தொற்றால் வந்த கட்டிகளாகவே இருக்கின்றன, இங்கும் அப்படித்தான். செப்டம்பர் இறுதியில் வெயில்படும் சுவர்களில் மொய்த்து, சன்னல் இடுக்கு வழியே உள்ளே நுழையும் ஆரஞ்சு நிறப் பொறிவண்டுகள்தான் குளிர்காலத்தைக் கழிக்க வருபவை. வீட்டுக்குள் அவை இனம்பெருக்குவதில்லை. வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்தால் போதும். இவற்றுக்காக இங்கிருந்து கரப்பான் சாக்பீஸ் வாங்கிப் பெட்டியில் வைக்காதீர்கள். அங்கே பதிவு பெறாத பூச்சிக்கொல்லியைக் கொண்டுசெல்வது சட்டப்படி தவறு. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அது ஆபத்தும்கூட.

நான் உண்மையில் அஞ்சுவது, யாரும் படம் எடுத்து அனுப்பாத ஓர் உயிரைப் பற்றி. கறுங்கால் உண்ணி என்று சொல்லத்தக்க அது, நம் தெரு நாய்களின் காதில் கொத்தாக ஒட்டியிருக்கும் உண்ணிக்கு உறவு; எட்டுக் கால் உடையது என்பதால் பூச்சி இனத்தைவிடச் சிலந்தி இனத்துக்கு நெருக்கமானது. அதன் இளம் பருவத்தில் கசகசா அளவே இருக்கும், மே முதல் ஜூலை வரை மிகுதியாக நடமாடும். பறக்காது, குதிக்காது, புல் நுனியில் பின்னங்கால்களால் பற்றிக்கொண்டு, முன்னங்கால்களை நீட்டியபடி, உரசிச் செல்லும் உடலுக்காகக் காத்திருக்கும். தோலில் ஏறியபின் முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், தொப்புள், காதுமடலின் பின்புறம் போன்ற மறைவிடத்துக்கு ஊர்ந்துபோய்க் கடிக்கும். கடி வலிப்பதும் இல்லை, அரிப்பதும் இல்லை.

இந்த உண்ணி கடத்தும் லைம் நோய், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள லைம் என்ற சிற்றூரின் பெயரால் வழங்குகிறது. 1970களில் அங்கே பல குழந்தைகளுக்கு மூட்டு வீக்கம் கண்டதிலிருந்து தொடங்கிய ஆய்வின் தொடர்ச்சியாக, 1981இல் வில்லி பர்க்டோர்ஃபர் அதன் கிருமியை உண்ணிகளில் கண்டறிந்தார். குளிர்காலங்கள் மிதமாகி வருவதால் உண்ணியின் எல்லை வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. 2009 முதல் கனடா முழுவதும் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் லைம் ஒன்றாக உள்ளது. நம்மவர் மிகுதியாக வாழும், டொராண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியை ஒட்டிய ரூஜ் தேசியப் பூங்காவிலும் இந்த உண்ணி நிலைகொண்டிருக்கிறது. மாலை நடைக்குப் பேரனைத் தள்ளுவண்டியில் அழைத்துச்செல்லும் தாத்தா பாட்டி, அடர்ந்த காட்டுக்குப் போக வேண்டியதில்லை. பாதையோரத்து உயரப் புல்லே போதும்.

கடித்த 3 முதல் 30 நாள்களுக்குள், பெரும்பாலோருக்குக் கடித்த இடத்தில் ஒரு படை தோன்றி நாளுக்கு நாள் விரிகிறது. பொதுவாக 5 சென்டிமீட்டரைத் தாண்டும். வட்டத்துக்குள் வட்டமாகத்தான் இருக்கும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள், ஆனால் ஒரே சீரான திட்டாகவும் வரும். வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரியும் அது, நம் மாநிறத் தோலில் கன்றிப்போன நிறத்தில் மங்கலாகவே தெரியும் என்பதால், எளிதில் தவறிவிடுகிறது. ஆடி மாதத்தில் ஊர் திரும்பிய இராயபுரத்து அம்மா ஒருவர், முழங்காலுக்குப் பின்னால் இருந்த இத்தகைய திட்டைப் படர்தாமரை என்று எண்ணி, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். படர்தாமரையாக இருந்தால் விளிம்பு மேடிட்டு, செதில் உதிர்ந்து, தூங்கவிடாமல் அரிக்கும். அவருடைய திட்டு வழவழப்பாக இருந்தது, அரிக்கவே இல்லை, சில நாள்களிலேயே உள்ளங்கையளவு விரிந்திருந்தது. எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்ட பிறகே கனடாப் பயணத்தைச் சொன்னார். டாக்சிசைக்ளின் மாத்திரையால் முழுமையாகக் குணமானார். கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால், வாரங்கள் கழித்து முகவாதமாகவோ இதயத் துடிப்புக் கோளாறாகவோ, மாதங்கள் கழித்து முழங்கால் வீக்கமாகவோ அது வெளிப்பட்டிருக்கலாம்.

உண்ணி பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் லைம் கிருமி நமக்குள் இறங்குகிறது. நமக்குக் கிடைக்கும் இந்த ஒரு நாள் அவகாசம் மிகப் பெரிய வாய்ப்பு. புல்வெளிக்குப் போகும்போது முழுக்கால் உடையும், அதன் விளிம்பை உள்ளே செருகிய வெளிர்நிறக் காலுறையும் அணியுங்கள். சேலையோ நைட்டியோ அங்கே ஏற்றதல்ல. டீட் அல்லது ஐக்காரிடின் கலந்த பூச்சிவிரட்டியை அங்குள்ள மருந்துக்கடையிலேயே வாங்கிப் பூசிக்கொள்ளுங்கள், வேப்பெண்ணெயை நம்பியிருக்க வேண்டாம். வீடு திரும்பி இரண்டு மணி நேரத்துக்குள் குளியுங்கள். அணிந்திருந்த உடையைத் துவைக்கும் முன்பே உலர்த்தி இயந்திரத்தில் உயர்ந்த சூட்டில் 10 நிமிடம் போடுங்கள். துவைப்பதால் மட்டும் உண்ணி சாவதில்லை, வறண்ட சூட்டில் சாகும். வீட்டில் நாய் இருந்தால் அதையும் தடவிப் பாருங்கள்.

ஒட்டியிருக்கும் உண்ணியை எடுக்க, கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டி அதன் வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல், நேராக மேலே இழுக்க வேண்டும். நம் வீடுகளில் நாய் உண்ணிக்குச் செய்வதுபோல் மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது, எண்ணெய் தடவுவது எதுவும் கூடாது. எடுத்த உண்ணியைத் தூக்கி எறியாமல் சிறு டப்பாவில் போட்டு, தேதியையும் இடத்தையும் எழுதிவையுங்கள். உண்ணியை எடுத்த 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்தால், தேவை இருப்பின் ஒரே வேளை டாக்சிசைக்ளின் கொடுத்துத் தடுக்க முடியும். வெள்ளக் காலத்தில் எலிக்காய்ச்சல் தடுப்புக்காகத் தரப்படும் அதே மாத்திரைதான் அது என்பதற்காக, மீந்ததை எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். கர்ப்பிணி மகளுக்குக் கொடுக்கவே கூடாது.

ஊர் திரும்பியபின் படையோ காய்ச்சலோ வந்தால், எந்த நாட்டில், எந்த மாதங்களில் இருந்தீர்கள் என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள். லைம் நோய் சென்னை மருத்துவர் அன்றாடம் எதிர்கொள்வது அல்ல. காய்ச்சலும் உடல்வலியும் என்றால் அவர் டெங்குவையும் மலேரியாவையும், கறுத்த பொருக்கு இருந்தால் நாம் உண்ணிக்காய்ச்சல் என்று சொல்லும் ஸ்கரப் டைஃபஸையும் எண்ணுவதே இயல்பு. முதல் சில வாரங்களில் லைம் இரத்தப் பரிசோதனை நெகட்டிவாக வருவது வழக்கம் என்பதால், படையைப் பார்த்தும் பயணத்தைக் கேட்டுமே முடிவெடுக்க வேண்டியிருக்கும். படை மறையும் முன் ஒரு படம் எடுத்துவையுங்கள்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. சென்னையில் தொற்றிய வைவாக்ஸ் வகை மலேரியா கல்லீரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்துக் கனடாவில் குளிர்காய்ச்சலாக வெளிப்படலாம். அங்கே காய்ச்சல் கண்டால், சென்னையிலிருந்து எந்தத் தேதியில் வந்தீர்கள் என்று அவசரப் பிரிவில் நுழைந்ததுமே சொல்லி, மலேரியாவுக்கும் இரத்தம் பார்க்கும்படி கேளுங்கள்; ஆங்கிலத்தில் சொல்லத் தயங்குபவர்கள், மகனையோ மகளையோ கொண்டு ஒரு தாளில் எழுதிவாங்கிப் பயணக் காப்பீட்டு அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.