முதலில் ஃபேனை நிறுத்துங்கள்

ஞாயிறு இரவானால் என் வாட்ஸ்அப்பில் விரிசல் விட்ட கோப்பைகளின் படங்கள் வந்து குவியும். என் வார இறுதி மண்பாண்ட வகுப்புக்கு வருபவர்கள் வீட்டில் செய்து பார்த்தவை. “மண்ணு சரியில்லையோ சார்?” என்று கேட்பார்கள். “எங்கே காயவச்சீங்க?” என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் “ஹால்லதான், ஃபேனுக்குக் கீழே” என்றே பதில் வரும்.

ஈர மண் காய்ந்து, சூளையில் வெந்து முடிவதற்குள் 10 முதல் 12 சதவீதம் வரை சுருங்குவது சாதாரணம். எல்லாப் பக்கமும் ஒன்றாகச் சுருங்கினால் ஒன்றும் ஆகாது. காற்றுப் படும் விளிம்பும் கைப்பிடியும் முந்திக்கொண்டு காய, பலகையில் உட்கார்ந்திருக்கும் அடிப்பாகம் ஈரமாகவே கிடந்தால், அந்த இழுபறியில் எது பலவீனமோ அது கிழியும். பாத்திரத்தின் மேல் பிளாஸ்டிக் தாளைத் தளர்வாகப் போர்த்துங்கள். விளிம்பு கொஞ்சம் இறுகியதும் கவிழ்த்து வையுங்கள். சித்திரை வெயிலில் இரண்டே நாளில் காய்ந்துவிடும் கோப்பை ஐப்பசி மழையில் பத்து நாள்கூட எடுக்கும். எடுக்கட்டும்.

அடியில் பாம்புபோல் வளைந்த விரிசல் விழுந்தால் அது வேறு கதை. சக்கரத்தில் வனையும்போது அடியை அழுத்த மறந்திருப்பீர்கள். நம் ஊர் வேளார் பானையை அடியில்லாமல் வனைந்து, சற்று இறுகியதும் உள்ளே கல்லை அணை கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவார். தட்டத் தட்ட மண் நெருங்கும். நாம் விரலால் அடியை அழுத்துவதும் அதற்காகத்தான்.

சூளையில் வெடித்தால் “உள்ளே காற்றுக் குமிழி இருந்திருக்கும்” என்பார்கள். குமிழியின் மேல் ஏன் இந்தப் பழி என்று எனக்குப் புரிந்ததே இல்லை. வெடிக்கவைப்பது ஈரம். தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேல் விரியும். தடித்த சுவருக்குள் மாட்டிக்கொண்டால் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வரும். பாத்திரத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை. சந்தேகமாக இருந்தால் சூளையை 80, 90 டிகிரியில் சில மணி நேரம் நிறுத்திவைத்துவிட்டு மேலே ஏற்றுங்கள்.

இதையெல்லாம் எல்லோரும் கேட்கிறார்கள். தூசியைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. ஃபேனை நிறுத்தச் சொல்வதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

களிமண்ணில் சிலிக்கா உண்டு. ஈரமாக இருக்கும்வரை சாது. காய்ந்து பொடியானால், கண்ணுக்கே தெரியாத நுண்துகள்கள் மூக்கையும் தொண்டையையும் தாண்டி நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறி இறுகும். சிலிகோசிஸ் என்கிற அந்த நோயைத் திருப்பிக் குணமாக்க மருந்து கிடையாது. மத்தியப் பிரதேசத்தின் மண்ட்சோர் பகுதியில் சிலேட்டுக் குச்சி செய்த தொழிலாளர்கள் பலரை முடக்கிய நோய் இது. வாரம் இரண்டு மணி நேரம் மண்ணில் கைவைப்பவருக்கு அந்த அளவு ஆபத்தில்லை, பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தொழிலாளர்கள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனார்கள். உங்கள் பட்டறை, குழந்தை தவழ்கிற ஹால்.

ஆரம்ப நாட்களில் நானும் காய்ந்த கோப்பைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஃபூ என்று ஊதியவன்தான். இப்போது ஈர ஸ்பாஞ்சால்தான் தேய்க்கிறேன். தரையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். வீட்டில் இருக்கும் சாதாரண வேக்குவம் கிளீனர் நுண்தூசியைப் பின்பக்கமாக அறைக்கே திருப்பித் தந்துவிடும். பாத்திரத்துக்குக் கண்ணாடிபோல் பளபளப்புத் தரும் பூச்சான கிளேஸின் பொடியைக் கலக்கும்போது மூக்கில் கைக்குட்டை கட்டுவது பலன் தராது. என்95 முகக்கவசம், அதுவும் இடைவெளி இல்லாமல் முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். ஏப்ரனைத் துவைக்கும் முன் உதறாதீர்கள்.

கிளேஸ் என்றதும் இன்னொன்று. நம் சாப்பாட்டில் பாதி புளிப்பு: ரசம், புளிக்குழம்பு, தயிர், ஊறுகாய். சரியாக உருகாத கிளேஸிலிருந்து தாமிரம், ஈயம் போன்றவற்றைப் புளிப்பு கரைத்து எடுக்கும். எலுமிச்சைத் துண்டை ஓர் இரவு அதன்மேல் வைத்துப் பார்க்கலாம். நிறம் மங்கினால் அந்தப் பாத்திரம் பேனா வைக்க. மங்காவிட்டாலும் ஈயம் இல்லை என்று அர்த்தமல்ல, அதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். எனவே வண்ண விளையாட்டெல்லாம் வெளிப்புறத்தில் இருக்கட்டும். உள்ளே, ஈயம் கலக்காதது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த நிறமற்ற கிளேஸை மட்டும் பூசி, அதற்குச் சொன்ன வெப்பத்தில் சுடுங்கள்.

கைகழுவும் தண்ணீரை நேராக சிங்க்கில் ஊற்றாதீர்கள். பிளம்பரை நீங்களே வரவழைத்த மாதிரி. ஒரு வாளியில் கழுவி ஓரிரவு விட்டால் மண் படிந்துவிடும். தெளிந்த நீர் செடிக்கு. அடியில் நிற்கும் குழம்பு அடுத்த வாரக் கைப்பிடியை ஒட்ட ஆகும். கிளேஸ் கழுவிய தண்ணீருக்குத் தனி வாளி, அது செடிக்கும் வேண்டாம்.