நெட்வொர்க் மேனேஜ்மென்ட்: கையாளலா, மேலாண்மையா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு நடக்கிறது. போன மாதம் அங்கே ஒரு பெண் கேட்டாள்: "அங்கிள், நீங்க என்ன வேல பாக்குறீங்க? தமிழ்ல சொல்லுங்க." கணினிகளை இணைக்கும் கட்டமைப்பைக் கவனித்துக்கொள்வது என் வேலை. நெட்வொர்க் மேனேஜ்மென்ட் என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "பிணைய மேலாண்மை" என்றேன். பேத்தியைக் கூட்டிவந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆயா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "பிணையமா? யாரப்பா ஜெயில்ல போட்டாங்க?"

ஆயா சொன்னதில் தப்பில்லை. பிணையம் என்பதற்கு அகராதியில் முதலில் கிடைக்கும் பொருள் ஜாமீன், ஈடு. வேர் 'பிணை': சேர்த்துக் கட்டு. களத்தில் மாடுகளை ஒன்றோடொன்று கட்டிக் கதிர் மிதிக்க விடுவது பிணையல். ஒருவனை இன்னொருவனுடைய சொல்லோடு கட்டிப்போடுவது பிணை. கணினிகளைக் கம்பியாலும் அலையாலும் கட்டினால் பிணையம். கணினிக்காரர்கள் பழைய சொல்லை எடுத்துப் புது வேலை கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

ஆங்கிலச் சொல் வேறு வழியாக வந்தது. 16-ஆம் நூற்றாண்டில் நெட்வொர்க் என்றால் வலைபோல் பின்னிய கம்பி வேலைப்பாடு. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வலைப்பின்னல். பாடநூல்களில் வலையமைப்பு என்றும் பார்க்கலாம். எனக்குப் பிணையம்தான் பிடிக்கும். வலை என்பதை ஏற்கெனவே வலைத்தளமும் வலைப்பூவும் பங்குபோட்டுக்கொண்டுவிட்டன. தவிர, கட்டு என்ற பொருளை இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். டர்பனுக்கு வடக்கே மட்டுன்சினி என்ற கடலோர ஊரில் சேஃப் என்ற கடலடிக் கேபிள் கரையேறுகிறது. 2002-இல் போட்டது. அங்கிருந்து ரியூனியன், மொரீஷியஸ், கொச்சி, கடைசியில் பினாங்கு. நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் போய் இறங்கிய சீமைகளை ஒரே கயிற்றில் கோத்ததுபோல் இருக்கும். 1860-இல் முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்துசேர வாரக்கணக்கானது. இந்தக் கேபிளில் ஒரு செய்தி கண்ணிமைப்பதற்குள் கொச்சிக்குப் போய்விடும்.

இனி மேனேஜ்மென்ட். சுவாரசியமே இங்கேதான்.

இலத்தீனில் மானுஸ் என்றால் கை. அதிலிருந்து இத்தாலிய மொழியில் மனேஜ்ஜாரே: கையால் பிடித்து நடத்துவது, குறிப்பாகக் குதிரையைப் பழக்குவது. அது ஆங்கிலத்துக்குப் போய் மேனேஜ் ஆனது. கடிவாளம் பிடித்த கை பிறகு கடைக்கணக்கு பார்த்தது, கம்பெனி நடத்தியது, கடைசியில் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தது. ஆக, வேர்ப்பொருள் மாறாமல் தமிழில் சொன்னால் கை + ஆள், கையாளல். இத்தனை கச்சிதமாகப் பொருந்தும் சொல் கையிலிருக்கும்போது நாம் ஏன் மேலாண்மைக்குப் போனோம்?

மேலாண்மை என்பது மேல் + ஆண்மை. இந்த ஆண்மைக்கு மீசையோடு சம்பந்தமில்லை. ஆளும் தன்மை என்றுதான் பொருள், தாளாண்மையில் வருவதுபோல. பழைய சொல்லான நிர்வாகம் வடமொழி. இலங்கையில் முகாமைத்துவம் என்பார்கள். வகுப்பில் நான் மேலாண்மையைப் பிரித்துக் காட்டியதும் ஆயா மறுபடியும் குறுக்கே வந்தார்: "மேல நின்னு ஆளுறதுன்னா அது சர்தார் வேலயில்ல?" அவருடைய அப்பா கரும்பு வெட்டியவர். டர்பனைச் சுற்றியுள்ள நேட்டால் பகுதியின் தோட்டங்களில் கூலிகளை விரட்டி வேலை வாங்கியவனுக்கு சர்தார் என்று பெயர். அதைக் கேட்டபின் எனக்கும் மேலாண்மை கொஞ்சம் கசந்தது. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் யோசித்துப் பார்த்தேன். எங்கள் தொழில் இத்தனை வருடம் செய்துகொண்டிருந்தது கையாளல். இனி ஆராய்ச்சி போய்ச்சேரப் பார்க்கும் இடம்தான் மேலாண்மை.

கையாளல் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். இரவு இரண்டு மணி. கறுப்புத் திரை. தரவுக்கு வழிகாட்டும் பெட்டியான ரூட்டர் ஒன்றுக்குள் நுழைந்து எட்டு வரி தட்ட வேண்டும், அடுத்த ரூட்டரில் அதே எட்டு வரி, முகவரி மட்டும் வேறு. முப்பதாவது பெட்டியில் ஒரு எண் பிசகினால் ஒரு பேட்டையே இருண்டுவிடும். 1988-இல் எஸ்.என்.எம்.பி. (சிம்பிள் நெட்வொர்க் மேனேஜ்மென்ட் ப்ரோட்டோகால்) என்ற நெறிமுறை வந்தது. பெயரிலேயே 'எளிய' என்று இருக்கும், நம்ப வேண்டாம். பெட்டிகளின் நலம் விசாரிக்க அது நன்றாகவே உதவியது. மாற்றம் செய்ய மட்டும் எல்லோரும் பழையபடி கட்டளை தட்டினார்கள். 2002-இல் இணைய வல்லுநர்கள் இதைக் கூடிப் பேசினார்கள், 2006-இல் பெட்டிகளின் அமைப்பை மாற்றுவதற்கான நெட்கான்ஃப் என்ற நெறிமுறை வந்தது. அப்போதும் எதை எப்படி மாற்றுவது என்று சொல்ல வேண்டியது நாம்தான்.

மேலாண்மையில் 'எப்படி' என்பதே கிடையாது. "ஆஸ்பத்திரிக்குப் போகும் இணைப்பு எக்காரணம் கொண்டும் அறக்கூடாது" என்று வேண்டியதை மட்டும் சொல்வோம். எந்தப் பாதை, எந்தப் பெட்டி என்பதைப் பிணையமே பார்த்துக்கொள்ளும். இப்படிச் சொல்லப்படுவதற்கு ஆங்கிலத்தில் இன்டென்ட் என்று பெயர். நோக்கம் என்றே தமிழில் சொல்லலாம். கட்டளை என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும்.

அதற்கும் அடுத்த படி ஆட்டோனமிக். 2001-இல் ஐ.பி.எம். கிளப்பிவிட்ட பேச்சு இது. மூச்சையும் இதயத் துடிப்பையும் நாம் நினைக்காமலே உடம்பு பார்த்துக்கொள்வதுபோல, கணினி அமைப்புகளும் தங்களைத் தாங்களே கவனித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். இதைத் தானியங்கி என்று பெயர்க்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. தானியங்கி என்பது ஆட்டோமேட்டிக். லிஃப்ட் கதவுகூடத் தானியங்கிதான். கிரேக்கத்தில் ஆட்டோஸ் என்றால் தான், நோமோஸ் என்றால் சட்டம். தனக்குத் தானே சட்டம் என்றால் தன்னாளுகை. கையாளல், மேலாண்மை, தன்னாளுகை: மூன்றிலும் அதே ஆள்.

மூன்றாவது படியில் கால் வைப்பது லேசில்லை. 2023 இங்கே லோட் ஷெடிங், அதாவது முறைவைத்து மின்வெட்டு, உச்சத்தில் இருந்த வருடம். கரண்ட் போய்ப் போய் வந்ததில் கைபேசிக் கோபுரங்களின் பேட்டரிகள் முழுதாகச் சார்ஜ் ஆகவே நேரமில்லை. ஒரு ராத்திரி திரையில் நான் பார்த்தது: மின்சாரம் மிச்சப்படுத்தும் நிரல் ஒரு கோபுரத்தில் பாதி அலைவரிசைகளை அணைத்தது. கூட்டம் பக்கத்துக் கோபுரத்துக்குத் தாவியது. நெரிசலைக் கவனிக்கும் இன்னொரு நிரல் அங்கே சக்தியைக் கூட்டியது, அந்தப் பேட்டரி முக்கால் மணி நேரத்தில் படுத்துவிட்டது. இரண்டும் சொன்ன வேலையைச் சரியாகவே செய்தன. மாமியாரும் மருமகளும் தனித்தனியாக உப்புப் போட்ட குழம்பு மாதிரி. ஒரே பிணையத்தில் பல நோக்கங்கள் மோதினால் யார் சொல் எடுபடும் என்பது இன்னும் தீராத கேள்வி.

நிரல் ஒரு முடிவெடுத்தால் ஏன் எடுத்தது என்று சொல்லத் தெரிய வேண்டும் என்பது இன்னொன்று. தரவைப் பார்த்துத் தானே பழகிக்கொள்ளும் இயந்திரக் கற்றலில் இது சிக்கலாகவே இருக்கிறது. பிணையத்தில் ஓடும் தரவு பெரும்பாலும் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கமாகிவிட்டதால் உள்ளே என்ன போகிறது என்று பார்க்காமலே தரத்தைக் கணிக்க வேண்டிய பாடும் சேர்ந்துகொண்டது. கேபிள் விஷயம் தனி: 2024 மே 12-இல் எங்கள் குவாசூலு-நேட்டால் கரைக்கு அப்பால் ஈஸி, சீகாம் என்ற இரண்டு கேபிள்களும் ஒரே நாளில் அறுந்து, கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் இணையம் தள்ளாடியது. எத்தனை கெட்டிக்கார நிரலும் இல்லாத பாதையில் அனுப்ப முடியாது. கப்பல் போய்த்தான் கேபிளை ஒட்ட வேண்டும்.

2021 அக்டோபர் 4-இல் ஃபேஸ்புக் ஆறு மணி நேரம்போல் உலகம் முழுக்கக் காணாமல் போனபோதும் கடைசியில் மனிதர்கள்தான் நேரில் போக வேண்டியிருந்தது. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்புப் பிணையத்தையே துண்டித்துவிட்டது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க வேண்டிய காவல் நிரலிலேயே பிழை. தொலைவிலிருந்து சரிசெய்ய வழியில்லாமல் தரவு மையத்துக்கு ஆட்களை நேரில் அனுப்பினார்கள். பாதுகாப்பைத் தாண்டி உள்ளே நுழைவதற்கே அவர்களுக்கு நேரம் பிடித்தது.

அடுத்த சனிக்கிழமை 'ஆள்' என்ற ஒரே சொல்லைப் பாடமாக எடுக்கலாம் என்றிருக்கிறேன். ஆளுவதும் ஆள், ஆளும் ஆள். ஆயாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.