மரியாதை: எல்லையில் பிறந்த சொல்

‘மரியாதையாகப் பேசுங்கள்’ என்பது வேண்டுகோள். ‘மரியாதையாகப் போய்விடு’ என்பது மிரட்டல். பணிவைச் சொல்லும் சொல்லுக்குள் இந்த அதட்டல் எப்படிப் புகுந்தது?

மரியாதை வடசொல். சமஸ்கிருதத்தில் ‘மர்யாதா’. எல்லை, கரை என்பவை அதன் அடிப்படைப் பொருள்கள். கடல் தாண்டாத கரைபோல மனிதர் தாண்டாத நடத்தை வரம்பையும் அது குறித்தது. முறைமை என்ற பொருள் அப்படி வந்தது. இராமனை ‘மர்யாதா புருஷோத்தமன்’ என்பதும் முறை தவறாதவன் என்ற பொருளில்தான். தமிழில் அது பிறருக்குத் தரும் மதிப்பாக நிலைத்துவிட்டது. ‘கார்ய’ காரியம் ஆனதுபோல ‘ர்ய’ இங்கே ‘ரிய’ ஆயிற்று. ‘சபா’ சபை ஆனதுபோல ஈற்று ஆகாரம் ஐகாரம் ஆயிற்று.

பழைய பொருள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ‘மரியாதை கெட்டுவிடும்’ என்று ஒருவர் எச்சரித்தால், நானும் வரம்பு மீறுவேன் என்றுதான் பொருள். ‘மட்டு மரியாதை இல்லாமல் பேசுகிறான்’ என்பதில் வரும் மட்டு வெறும் ஓசைக்காக ஒட்டிக்கொண்டதன்று. மட்டு என்றாலும் அளவு, எல்லைதான். ‘மட்டுப்படுத்து’ என்பதிலும் அதே சொல் இருக்கிறது.

சேரும் வினையைப் பொறுத்தும் பொருள் நகர்கிறது. அன்றாடம் பழகுபவருக்கு மரியாதை கொடுக்கிறோம். மேடையில் மாலையும் பொன்னாடையுமாக மரியாதை செய்கிறோம். மறைந்தவருக்கு மரியாதை செலுத்துகிறோம். செய்தித்தாள்களின் ‘மரியாதை நிமித்தமாகச் சந்தித்தார்’ தனி வகை. என்ன பேசினார்கள் என்று கேட்காதீர்கள் என்பதைத்தான் பல நேரங்களில் அது நாகரிகமாகச் சொல்கிறது.

தமிழில் இதற்கு ஒற்றை இணைச்சொல் தேடுவது வீண் என்பேன். பிறருக்குத் தருவது என்றால் மதிப்பு. தன் நடத்தையில் காட்டுவது என்றால் பணிவு. ‘பணிவுடையன் இன்சொலன் ஆதல்’ என்று குறள் 95 இனிய சொல்லையும் அதோடு சேர்த்தே சொல்கிறது. அதட்டலில் வருவதற்கு வரம்பு பொருந்தும்.

இலக்கணத்தில் ‘மரியாதைப் பன்மை’ என்கிறோமே, அதற்குத் தொல்காப்பியமே பெயர் வைத்திருக்கிறது: உயர்சொல். ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் வந்தது, இலக்கண முறையன்று என்றும் அது கறாராகக் குறிக்கிறது. வழக்கு அதோடு நிற்கவில்லை. பலரைச் சுட்டிய ‘அவர்’ ஒருவருக்கு உரியதானது. பலருக்கு வேறு சொல் வேண்டியிருந்ததால் ‘கள்’ சேர்த்து ‘அவர்கள்’ என்றோம். இப்போது ‘தலைவர் அவர்கள்’ என்று அதையும் ஒருவருக்கே கொடுத்துவிட்டோம்.