பிரஷருக்கு நரம்பைச் சுடும் சிகிச்சை: யாருக்கு, எப்போது?

ஆஞ்சியோ போல ஒன்று செய்துகொண்டால் பிரஷர் மாத்திரையே வேண்டாமாம் என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். அவர்கள் சொல்லும் ரீனல் டினர்வேஷன், அதாவது சிறுநீரகத் தமனியைச் சுற்றியுள்ள நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை, நிஜம்தான். மாத்திரையே வேண்டாம் என்பதுதான் பெரும்பாலோருக்குப் பொருந்தாது.

சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனிகளின் வெளிச்சுவரைச் சுற்றிப் பரிவு நரம்புகள் படர்ந்திருக்கின்றன. இவை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டால் சிறுநீரகம் அழுத்தத்தை ஏற்றும் ரெனின் என்ற பொருளைச் சுரக்கும், உப்பையும் நீரையும் உடலிலேயே தேக்கிவைக்கும், அழுத்தம் ஏறும். தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயை அந்தத் தமனிக்குள் செலுத்தி, ரேடியோ அலையாலோ அல்ட்ராசவுண்டாலோ சூடுவைத்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்கிறார்கள். சுடும்போது வலிக்கும் என்பதால் மயக்க மருந்து கொடுப்பது வழக்கம்.

2009-இல் வந்த முதல் முடிவுகள் பிரமாதமாக இருந்தன. 2014-இல் வெளியான சிம்ப்ளிசிட்டி 3 ஆய்வு அந்த உற்சாகத்தைத் தணித்தது. அதில் 535 பேர். ஒரு பிரிவினருக்கு உண்மையான சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்கு ஆஞ்சியோ மட்டும் செய்துவிட்டு, நரம்பைத் தொடாமலே அனுப்பினார்கள். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. ஆறு மாதத்தில் முதல் பிரிவினருக்கு மேல் அளவு 14 புள்ளி குறைந்தது. ஒன்றுமே செய்யாதவர்களுக்கும் ஏறக்குறைய 12 குறைந்தது! கண்காணிக்கிறார்கள் என்றதும் மாத்திரையை ஒழுங்காக விழுங்கியிருப்பார்கள் என்பது ஒரு விளக்கம். எனக்கு அதில் வியப்பில்லை.

ஏனென்றால், எதற்கும் அடங்காத பிரஷர் என்று வருகிறவர்களிடம் மாத்திரைப் பையை மேசையில் கொட்டச் சொல்வேன். மற்ற அட்டைகள் காலியாகியிருக்கும். சிறுநீரை அதிகம் போகவைக்கும் நீர் மாத்திரை அட்டை மட்டும் பிரிக்காமல் கிடக்கும். "பஸ்ஸில் போகிற நாளில் எப்படி சார் போடுவது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு நேரத்தை மாற்றிக் கொடுத்தால் போதும், நரம்பைச் சுட வேண்டாம். மூட்டுவலிக்காகக் கடையில் வாங்கும் வலிமாத்திரையும், இருமலுக்கென்று மாதக்கணக்கில் சாப்பிடும் அதிமதுரமும்கூட அழுத்தத்தை ஏற்றும்.

அடுத்த தலைமுறைக் கருவிகளுடன் நடந்த ஸ்பைரல், ரேடியன்ஸ் ஆய்வுகளில் போலிச் சிகிச்சையைவிட உண்மையான சிகிச்சைக்குக் கூடுதல் பலன் தெரிந்தது. ஆனால் அது ஏறத்தாழ ஒரு மாத்திரையின் பலன், அவ்வளவுதான். 2023 நவம்பரில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை நிர்வாகம் இரண்டு கருவிகளுக்கு அனுமதி அளித்தது. அதற்கு முன் கூடிய நிபுணர் குழு, அல்ட்ராசவுண்ட் கருவியைப் பெரும்பான்மையாக ஆதரித்தது. ரேடியோ அலைக் கருவியில் ஆபத்தைவிட நன்மை அதிகமா என்ற கேள்விக்கு வாக்கெடுப்பு மயிரிழையில் எதிராக முடிந்தது.

துறைக்குத் துறை பார்வையும் மாறுகிறது. இதய மருத்துவர்களில் பலர் ஆர்வமாக இருக்கிறார்கள். மாத்திரையை மறந்தாலும் இதன் பலன் இரவும் பகலும் தொடர்கிறதே என்பது அவர்கள் வாதம், அதில் வலு உண்டு. சிறுநீரக மருத்துவர்கள் இரண்டு கேள்வி கேட்கிறார்கள்: சிறுநீரகம் ஏற்கெனவே பழுதடைந்தவர்களுக்கு இது எந்த அளவுக்குப் பாதுகாப்பு? மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்தன என்று காட்டும் ஆய்வு எங்கே? ஹார்மோன் நிபுணர்களோ, உப்பைத் தேக்கவைக்கும் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனை அட்ரினல் சுரப்பி மிகுதியாகச் சுரக்கிறதா என்று பார்க்காமல் குழாயைக் கையில் எடுக்காதீர்கள் என்கிறார்கள். நான் இவர்கள் பக்கம்தான். அந்தப் பரிசோதனை ஓர் இரத்த மாதிரியில் தொடங்குகிறது; அதைக்கூடச் செய்யாமல் பல ஆண்டுகள் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவது நம்மிடம் சாதாரணம்.

2024-இல் ஐரோப்பிய இதயவியல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல் நடுவழியில் நிற்கிறது. நீர் மாத்திரை உட்பட மூன்று மருந்துகளுக்கும் அடங்காதவர்களுக்கு, அனுபவமுள்ள மையத்தில், நோயாளியின் விருப்பத்தோடு பரிசீலிக்கலாம். முதல் சிகிச்சையாகவோ, சிறுநீரகச் செயல்பாடு வெகுவாகக் குறைந்தவர்களுக்கோ பரிந்துரைக்கவில்லை.

இன்னொரு சங்கடம், நரம்பு உண்மையில் செயலிழந்ததா என்று சிகிச்சை மேசையிலேயே கண்டுபிடிக்க இன்றுவரை நம்பகமான வழி இல்லை. பலன் தெரிய வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். சிலருக்குப் பலனே இருக்காது. ஆகவே சிகிச்சைக்குத் தேதி குறிப்பதற்கு முன், 24 மணி நேர அழுத்தப் பதிவு எடுத்தீர்களா, ஆல்டோஸ்டீரோன் பார்த்தீர்களா, சிகிச்சைக்குப் பிறகும் எத்தனை மாத்திரை தொடரும் என்று கேளுங்கள். இவற்றுக்குப் பதில் சொல்லாமல் கட்டண விவரத்தை மட்டும் நீட்டினால், வேறொரு மருத்துவரையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.