தாய் விட்டுவிட்டுப் போகவில்லை

திருகோணமலையில் மிருக வைத்தியம் பார்ப்பவருக்கு மான் நோயாளியாக வருவது புதுமையல்ல. பிரட்றிக் கோட்டை வாசலில், கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில், கடற்கரைப் புல்லில் என்று புள்ளிமான்கள் ஊர் ஆடுகள் மாதிரித் திரிகின்றன. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் பாண் துண்டை நீட்டுவார்கள், அப்புறம் போனை. "பாருங்கோ டொக்டர், எவ்வளவு பாசமா வருது" என்பார்கள். பாணுக்குத்தான் வருகிறது என்று சொன்னால் முகம் வாடிவிடும். அதனால் பெரும்பாலும் சொல்வதில்லை.

இங்கே சொல்லலாம். மானும் மாட்டைப் போல அசைபோடும் பிராணி. அதன் இரைப்பையில் நார்த்தீனியைச் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. பாணும் சோறும் அதிகமாகப் போனால் அங்கே அமிலம் ஏறி, அந்த நுண்ணுயிர்களே செத்துப்போகும். சாப்பாட்டு வாசனை ஒட்டிய சொப்பிங் பேக்கையும் சேர்த்து விழுங்கிவிடும். செத்த மானின் வயிற்றைத் திறந்து, கயிறு மாதிரி முறுகிய பொலித்தீனை இழுத்தெடுத்த கைகள் என்னுடையவை. "கோணேசப் பெருமான் கையிலேயே மான் இருக்குதே" என்று ஒரு அம்மா கேட்டார். இருக்கிறது. ஆனால் அவர் அதற்குப் பாண் ஊட்டுகிற மாதிரி ஒரு சிற்பத்தையும் நான் பார்த்ததில்லை.

பாண் கொடுப்பதுகூடப் பரவாயில்லை, வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான் பெரிய பிழை. சில வருடங்களுக்கு முன் நகருக்கு வெளியே ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். விறகுக்குப் போன தகப்பன், பற்றைக்குள் தனியே கிடந்த மான்குட்டியைக் கொண்டுவந்திருந்தார். "தாய் விட்டிட்டுப் போட்டுது டொக்டர், பாவம்." சூப்பிப் போத்தலில் பால்மா கரைத்துக் கொடுத்ததில் அதற்கு வயிற்றோட்டம்.

தாய் விட்டுவிட்டுப் போகவில்லை. பிறந்த புதிதில் குட்டியைப் புல்லுக்குள் ஒளித்துவிட்டுத் தள்ளிப்போய் மேய்வதுதான் மானின் வழக்கம். குட்டியின் உடம்பில் வாடை குறைவு. அசையாமல் கிடந்தால் நரியோ சிறுத்தையோ பக்கத்தில் போனாலும் தப்பிவிடும். தாய் கூடவே நின்றால் அவளுடைய வாடையே காட்டிக்கொடுத்துவிடும். பால் கொடுக்கிற நேரத்துக்கு வருவாள். நாம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்வரை மட்டும் வரமாட்டாள். ஆகவே காயமில்லாமல் தனியே கிடக்கும் குட்டியைக் கண்டால் விலகிப் போய்விடுங்கள். தெரியாமல் தூக்கிவந்துவிட்டால், அன்றைக்கே எடுத்த இடத்தில் கொண்டுபோய் விடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று ஊரில் சொல்வதை நம்பி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். காயம் இருந்தாலோ, தாய் செத்துக் கிடந்தாலோ, வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

அந்த வீட்டில் நான் போகும்போது நாலு நாள் கடந்திருந்தது. திணைக்களத்துக்கு அறிவியுங்கள் என்றேன். காட்டு விலங்குகளைப் பாதுகாக்கிற 1937ஆம் ஆண்டுச் சட்டம் இன்னமும் நடைமுறையில் இருக்கிறது, அனுமதியில்லாமல் மான் வைத்திருப்பது குற்றம். அதுதான் அவர்களுக்குப் பயம். அறிவிக்கவில்லை. நானும் மருந்தைக் கொடுத்துவிட்டு வந்தேனே தவிர, பிறகு துருவிக் கேட்கவில்லை. என் பங்கு அது.

குட்டி பிழைத்தது. வீட்டுச் சின்னப்பிள்ளையின் பாயில் படுக்கும், பள்ளிக்கூடப் படலைவரை பின்னால் போகும். அதைப் பாசமில்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்தப் பாசத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பிறந்த புதிதில் கண்ணில் படுகிறதைத் தாயென்று மனதில் பதித்துக்கொள்ளும் இயல்பை, விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரென்ஸ் வாத்துக்குஞ்சுகளை வைத்து விளக்கினார். 1973இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் அவர். நம் கையில் வளர்ந்த குட்டியும் அப்படித்தான், தன்னையும் நம் இனமென்றே எண்ணிவிடுகிறது. நாயோடு ஒப்பிடவும் கூடாது. நாயும் எசமானும் கண்ணோடு கண் பார்க்கும்போது இரண்டு பேருக்குள்ளும், பாசத்தோடு தொடர்புள்ள ஒக்சிடோசின் என்ற சுரப்பு கூடுகிறது என்று 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் அதைக் காணவில்லை. தலைமுறை தலைமுறையாக மனிதரோடு சேர்ந்தே உருவானது நாய். மானை நாம் நேற்றுத்தான் தூக்கி வந்தோம்.

அது கிடாய். இரண்டு வயதில் கொம்பு முற்றியது. காட்டுக் கிடாய் அந்தப் பருவத்தில் இன்னொரு கிடாயோடு மோதும், மனிதனைக் கண்டால் ஓடும். வீட்டில் வளர்ந்ததற்கு மனிதன்தானே இனம்? எதிரியும் அவன்தான். ஒருநாள் மத்தியானம் தகப்பனின் தொடையைக் கிழித்துவிட்டது. அயல் சனம் கூடித் துரத்தி, கால்களைக் கட்டிப் போட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது உடம்பு கொதித்தது, கால்கள் விறைத்திருந்தன, சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரி. துரத்திப் பிடிக்கும்போது பயத்தில் தசைகள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைத் தாக்குகிற நிலை இது. மான் இனத்துக்குச் சீக்கிரம் வரும். விடிய முன்னமே செத்துவிட்டது.

தனித்துப்போன குட்டிகளுக்கு வழியே இல்லையா என்று கேட்பீர்கள். 1995இலிருந்து உடவளவையில் தாயிழந்த யானைக்குட்டிகளை வளர்க்கிறார்கள். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பால், மற்ற நேரம் மற்றக் குட்டிகளோடு. கொஞ்சல், குளிப்பாட்டல், பெயர் சொல்லிக் கூப்பிடுதல் எல்லாம் குறைவு. வளர்ந்ததும் சேர்த்துக் காட்டில் விடுகிறார்கள். பார்க்கிறவர்களுக்கு இது கல்மனம் போலத் தெரியும். இதற்கு நேரெதிரானது ஹபரணை வீதியில் நடக்கிறது. வாகனத்தை நிறுத்தி வாழைப்பழம் நீட்டுகிறோம். அடுத்த முறை யானை வீதியிலேயே காத்துநிற்கிறது, பழம் இல்லாதவன் பாடு யோசித்துக்கொள்ளுங்கள்.

குரங்கு பல்லைக் காட்டினால் சிரிக்கிறது என்று கிட்டப் போகாதீர்கள், அது பயம் அல்லது எச்சரிக்கை. கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்தச் சின்னப்பிள்ளை இப்போது உயர்தரம் படிக்கிறாள். மானைக் காட்டில் விட்டுவிட்டதாகத்தான் தகப்பன் அவளுக்குச் சொல்லியிருந்தார். கடைத்தெருவில் என்னைக் கண்டால், "டொக்டர் மாமா, இப்ப கண்டாலும் அது என்னை மட்டுக்கட்டுமா?" என்று கேட்பாள். "தெரியேல்ல பிள்ளை" என்று சொல்லி நழுவிவிடுவேன். இதை எழுதுவதற்கு முன் தகப்பனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தான் முதலில் அவளுக்குச் சொல்லிவிடுகிறேன், அதற்குப் பிறகு போடுங்கள் என்றார். போன ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டாராம்.