போலந்துக்கு போல்ட் அனுப்பும் முன் கம்பி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

ஏற்றுமதி ஆவணங்கள் பார்த்துக் கொடுப்பது என் தொழில். கோவை, ஓசூர் பக்கத்தில் கம்பி வாங்கி போல்ட், நட் செய்யும் பட்டறைக்காரர்கள் இப்போது அடிக்கடி கேட்பது, "சார், போலந்தில் காற்றாலைக்கு நல்ல ஆர்டர் இருக்காமே?" என்பதுதான்.

இருக்கிறது. 2024இல்கூட அந்த நாடு பாதிக்கு மேல் மின்சாரத்தை நிலக்கரியில் இருந்துதான் எடுத்தது. 2022 ஏப்ரலில் ரஷ்யா எரிவாயுவை நிறுத்தியதும் வேறு வழி தேடும் அவசரம் இன்னும் கூடிவிட்டது. பால்டிக் கடலில் 'பால்டிக் பவர்' என்ற ஒரு திட்டத்துக்கு மட்டும் தலா 15 மெகாவாட்டில் 76 காற்றாலைகள். நிலத்தில், காற்றாலை உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரத்துக்குள் வீடு இருக்கக் கூடாது என்று 2016இல் போட்ட விதி, 2023இல் 700 மீட்டராகத் தளர்ந்தது. அப்புறம் வடக்குக் கடற்கரையில் அணுமின் நிலையம், அங்கிருந்து தெற்கே மின்சாரம் கொண்டுபோகும் கோபுர வரிசைகள்.

இதற்கெல்லாம் போல்ட், நட் வேண்டும். ஆனால் மின்வாரியம் மாதிரியான பெரிய கம்பெனிகளின் டெண்டரைத் துரத்தாதீர்கள், சிறு பட்டறைக்கு அது ஆகாத வேலை. உங்கள் பையர், அவர்களுக்கு டவரும் இரும்புக் கட்டுமானமும் செய்துகொடுக்கும் நடுத்தர நிறுவனம்தான்.

அந்த நிறுவனம் நம் பக்கம் திரும்பியதற்கு ஒரு காரணம், 2022 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் சீன போல்ட்களுக்கு 22.1 முதல் 86.5 சதவீதம் வரை போட்ட பொருள்குவிப்பு எதிர்ப்பு வரி, அதாவது நியாயமில்லாத மலிவு விலையில் சரக்கைக் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கும் கூடுதல் வரி. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. சீனாவில் இருந்து போல்ட் வரவழைத்து, இங்கே கால்வனைஸ் செய்து பெட்டி மாற்றி இந்தியப் பொருளாக அனுப்பலாமே என்று யாராவது யோசனை சொன்னால், தயவுசெய்து வேண்டாம். 2009இல் இதே மாதிரி வரி போட்டபோது சரக்கு மலேசியா வழியாகச் சுற்றிப் போனது, 2011இல் மலேசியாவில் இருந்து வரும் சரக்குக்கும் அந்த வரியை நீட்டித்துவிட்டார்கள். ஒருவர் செய்யும் தவறில் ஒழுங்காகத் தொழில் செய்பவர்களும் மாட்டிக்கொள்வார்கள்.

அடுத்தது மில் சர்டிபிகேட், அதாவது கம்பி செய்த ஆலை தரும் சோதனைச் சான்று. பையர் கேட்பது இஎன் 10204 என்ற ஐரோப்பியத் தரவிதிப்படியான வகை 3.1 சான்று. அதில் உள்ள ஹீட் நம்பரும் (ஒரு தடவை உலையில் உருக்கிய இரும்புக்கு ஆலை போடும் எண்) பெட்டி லேபிளில் உள்ள ஹீட் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். என்னிடம் வரும் ஃபைல்களில் அடிக்கடி இடறுவது இதுதான்: இரண்டு லாட் கம்பியைக் கலந்து ஓட்டியிருப்பார்கள், சான்று ஒன்றுக்கு மட்டும் இருக்கும். இது வெறும் தரப் பிரச்சினை இல்லை. ரஷ்யா மீதான ஐரோப்பியத் தடையால் 2023 செப்டம்பர் 30 முதல், மூலப்பொருள் ரஷ்ய இரும்பு இல்லை என்று இறக்குமதியாளர் ஆதாரம் காட்ட வேண்டும், அதற்கும் கஸ்டம்ஸில் காட்டுவது பெரும்பாலும் இதே காகிதத்தைத்தான்.

2026 ஜனவரி முதல், பொருளைச் செய்யும்போது வெளியான கார்பனுக்காக ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியில் வாங்கும் கார்பன் எல்லை வரியும் முழுதாக நடைமுறைக்கு வந்துவிட்டது. சுங்கக் குறியீடு 7318இல் வரும் போல்ட், நட் அதில் அடங்கும். 7325இல் வரும் இரும்பு வார்ப்பு பட்டியலில் இல்லை, ஆகவே அந்த வார்ப்பு மட்டும் செய்யும் ஃபவுண்டரிக்காரர்கள் இப்போதைக்குப் பயப்பட வேண்டியதில்லை. வருடத்துக்கு 50 டன்னுக்குள் இறக்கும் பையருக்கு விலக்கு உண்டு, ஆனால் அந்த 50 டன் உங்கள் சரக்குக்கு மட்டுமானது இல்லை, பட்டியலில் உள்ள பொருளாக அவர் எங்கிருந்து எதை இறக்குமதி செய்தாலும் அந்தக் கணக்கில் சேரும். விலக்கு இல்லாதவருக்குக் கம்பியை உருக்கிய ஆலையின் உமிழ்வுக் கணக்கு தேவை. அது கையில் இல்லையென்றால் ஐரோப்பிய ஆணையம் வைத்திருக்கும் பொது மதிப்பைப் போட்டுவிடுவார்கள், பெரும்பாலும் அது உங்கள் உண்மையான கணக்கைவிட அதிகமாகத்தான் இருக்கும். சேலமோ விசாகப்பட்டினமோ, கம்பி வாங்கும்போதே ஆலையிடம் அந்தக் கணக்கையும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். சரக்கு கப்பல் ஏறிய பிறகு கேட்டால் யாரும் போனை எடுக்க மாட்டார்கள்.

சரி, பையர் நிஜமா போலியா? "சப்ளையர் பதிவுக் கட்டணம்" கேட்டு மெயில் வந்தால் அழித்துவிடுங்கள். போலந்துக் கம்பெனி என்றால் கேஆர்எஸ் (அந்நாட்டுக் கம்பெனிப் பதிவேடு) பதிவு எண் இருக்கும், அதை இணையத்தில் இலவசமாகவே தேடிப் பார்க்கலாம். அந்நாட்டு நிதி அமைச்சகம் 'வெள்ளைப் பட்டியல்' என்று ஒன்று வைத்திருக்கிறது, வாட் செலுத்துவோரின் பெயரோடு வங்கிக் கணக்கு எண்ணும் அதில் உண்டு. முன்பணம் அந்தப் பட்டியலில் இல்லாத கணக்கில் இருந்து, அதுவும் மூன்றாவது நாட்டில் இருந்து வந்தால், சரக்கை ஏற்றாமல் முதலில் விசாரியுங்கள்.